பாதியில் நின்ற வரி

மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. அதிலிருந்து மூன்று ஒயர்கள் என் லேப்டாப்புக்கு வருகின்றன: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. பவர் கொடுத்ததும் கறுப்புத் திரையில் வரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியின் தலைமாட்டிலும் சதுர அடைப்புக்குள் ஓர் எண். முதல் சில வரிகளில் அது 0.000000 என்றே இருக்கிறது. கெர்னல் கண்விழித்துவிட்டது, ஆனால் அதன் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று அர்த்தம். பிறகு எண்கள் ஏறுகின்றன. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி. இரண்டு விநாடியைத் தாண்டியதும் ஒரு வரி, ஒரு சொல்லின் நடுவே, அப்படியே நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஓர் எழுத்துகூட வரவில்லை.

அந்தப் பாதிச் சொல்லை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்திருந்தேன். கெர்னல் எப்படிப் பேசுகிறது என்று நான் உண்மையிலேயே படித்தது அந்த மூன்று இரவுகளில்தான்.

சாதாரண மென்பொருள் ஒன்று தடுக்கி விழுந்தால் அதன் கதையைச் சொல்ல ஆள் உண்டு. பிழையைக் கோப்பில் எழுத, திரையில் காட்ட, விழுந்த நிலையை அப்படியே எடுத்துவைக்க, கீழே இயங்குதளம் தாங்கி நிற்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலே தடுமாறினால் தாங்குவதற்கு யாரும் இல்லை. கோப்பில் எழுதலாம் என்றால், கோப்புகளை நிர்வகிப்பதே கெர்னல்தான். பழுது அங்கேயே இருக்கலாம். நெட்வொர்க்கில் அனுப்பலாம் என்றால் அதுவும் கெர்னலின் வேலை. எரிகிற வீட்டுக்குள் உட்கார்ந்தே எங்கே தீப்பிடித்தது என்று எழுதி ஜன்னல் வழியாக வெளியே போட வேண்டும். அந்த நிலைமையிலும் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்.

லினக்ஸில் இந்தப் பொறுப்பைச் சுமப்பது பிரிண்ட்கே என்னும் செயல்கூறு. சி மொழி படிக்கிறவர்கள் முதல் நாளிலேயே சந்திக்கும் பிரிண்ட்எஃப்-இன் உடன்பிறப்பு. கடைசியிலுள்ள கே கெர்னலைக் குறிக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்ட 0.01 பதிப்பிலேயே அது இருந்தது. வழக்கமான பிரிண்ட்எஃப் ஏன் போதாது என்பதற்கான காரணத்தை அந்தக் கோப்பின் தொடக்கக் குறிப்பிலேயே அவர் எழுதிவைத்தார். கெர்னலுக்குள் வேலை நடக்கும்போது 386 சிப்பின் எஃப்எஸ் ரெஜிஸ்டர் வேறெங்கோ கை காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதைப் பத்திரப்படுத்திவிட்டு அச்சிட வேண்டும், முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டும். பேசுவதற்கு முன் கையிலிருக்கும் வேலை கலையாமல் பார்த்துக்கொள் என்பதுதான் இதன் சாரம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக பிரிண்ட்கேயில் நடந்த திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான் நடந்தன.

பிரிண்ட்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. இரண்டும் வேறு வேறு என்று மனத்தில் பதிய எனக்கு நாள் பிடித்தது. முதல் வேலை, செய்தியை நினைவகத்திலுள்ள ஒரு ரிங் பஃபரில் எழுதுவது. வட்டமான சிலேட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றி எழுதிக்கொண்டே போய் இடம் தீர்ந்தால், மிகப் பழைய வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதும். இதன் அளவு கெர்னலைக் கட்டும்போதே முடிவாகிறது. வழக்கமான இயல்பளவு 2-இன் 17-ஆம் அடுக்கு, அதாவது 128 கிலோபைட். டிமெசேஜ் என்ற கட்டளை காட்டுவது இந்தச் சிலேட்டைத்தான். இரண்டாவது வேலை, அதே செய்தியை கன்சோலுக்கு, அதாவது திரைக்கோ சீரியல் போர்ட்டுக்கோ, அனுப்புவது.

என் போர்டில் நின்றுபோனது இரண்டாவது வேலை மட்டும்தான். மூன்றாம் இரவு, வேறு வழி தோன்றாமல், அந்தப் போர்டின் ஐபி முகவரிக்கு பிங் அனுப்பிப் பார்த்தேன். பதில் வந்தது! செத்துவிட்டது என்று நான் முடிவுகட்டிய கெர்னல் முழு ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் வழியாக உள்ளே போய் டிமெசேஜ் கொடுத்தேன். பாதியில் நின்ற சொல்லின் மீதிப் பாதியும், அதற்குப் பிந்தைய எல்லா வரிகளும் வரிசையாக இருந்தன. நடந்தது இதுதான்: பூட் ஆகி முடியும் தறுவாயில் லினக்ஸ், யாரும் உரிமை கோராத கடிகார சிக்னல்களை மின்சாரம் மிச்சப்படுத்த அணைத்துவிடும். சீரியல் போர்ட்டுக்கு ஓடும் கடிகாரத்தை, ஹார்டுவேர் விவரக் கோப்பில் நான் எழுதாமல் விட்டிருந்தேன். உரிமையாளர் இல்லாத கடிகாரம் என்று கெர்னல் அதை அணைத்தது. போர்ட் அந்த நொடியில், அனுப்பிக்கொண்டிருந்த எழுத்தோடு ஊமையானது. பயன்படாத கடிகாரங்களை அணைக்காதே என்று சொல்லும் பூட் விருப்பம் ஒன்று உண்டு. அதைச் சேர்த்ததும் மீதி வரிகள் வந்தன.

கன்சோல் மௌனமாகிவிட்டால் கெர்னல் செத்துவிட்டது என்று நான் அதற்குப் பிறகு ஒருபோதும் முடிவுகட்டியதில்லை.

ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு. 0 என்றால் இயந்திரம் பயன்படுத்த முடியாத நிலைக்குப் போய்விட்டது. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 பிழைதிருத்துபவருக்கு மட்டுமானது. எண் சிறுக்கச் சிறுக்க ஆபத்து பெருகும். எந்த நிலைக்குக் கீழுள்ள எண்கள் கன்சோலுக்குப் போகலாம் என்பதை நாம் மாற்றலாம். பிராக் கோப்பு முறைமையில் பிரிண்ட்கே என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கிறது, அதைத் திறந்தால் நான்கு எண்கள் தெரியும். பல இயந்திரங்களில் 7 4 1 7. முதலாவது, கன்சோலின் இப்போதைய வரம்பு. இரண்டாவது, நிலை குறிப்பிடாமல் எழுதப்பட்ட செய்திக்குத் தரப்படும் நிலை. மூன்றாவது, வரம்பை எவ்வளவு தாழ்த்த அனுமதி என்பது. நான்காவது, வரம்பின் இயல்பளவு. கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு இந்த விளக்கம் எதுவும் தெரியாது, வெறும் நான்கு எண்கள்தான் தெரியும். ஆவணத்தைத் தேடிப் படிக்காமல் இவற்றை ஊகிக்க முயன்றவர்கள் பலர்; நானும் அவர்களில் ஒருவன்.

இந்த நிலைக்குறி எழுதப்படும் விதத்தில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பார்வைக்கு அது செயல்கூறுக்குத் தரப்படும் முதல் உள்ளீடு போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு குட்டிச் சரம். சி மொழியில் இரண்டு சரங்களை அடுத்தடுத்து எழுதினால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நிலைக்குறி அப்படித்தான் செய்தியின் முகப்பில் ஒட்டுகிறது. பழைய கெர்னல்களில் அது கோண அடைப்புக்குள் ஓர் இலக்கம், <3> என்பது போல. 2012-இல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தும் இலக்கமுமாக மாறியது. பழக்க தோஷத்தில் நிலைக்குறிக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். நிலைக்குறி மட்டுமே செய்தியாகிவிடும். எழுதிய செய்தி, யாரும் எடுத்துப் பார்க்காத இரண்டாவது உள்ளீடாகக் கிடக்கும். ஒரு காற்புள்ளியில் சாட்சியம் முழுவதும் காணாமல் போகிறது. இன்றைய கம்பைலர்கள் இதை எச்சரிக்கின்றன. நிலையைப் பெயரிலேயே சுமக்கும் பிஆர்-எர், பிஆர்-இன்ஃபோ போன்ற சுருக்கங்கள் வந்த பிறகு, அவற்றைப் பயன்படுத்தும் நிரல்களில் இந்தத் தவறுக்கே இடமில்லை.

பேச்சுக்கு ஆகும் செலவைப் பார்ப்போம். 1975-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலுக்குள்ளும் ஒரு சிறிய பிரிண்ட்எஃப் இருந்தது. அதன் தலையில் எழுதிய குறிப்பு எச்சரிக்கிறது: இது அச்சிடும்போது இயந்திரத்தின் மற்ற வேலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடும், ஆகவே அரட்டைக்குப் பயன்படுத்தாதே. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த எச்சரிக்கை பழையதாகவில்லை.

கணக்குப் போட்டால் தெரியும். சீரியல் போர்ட்டின் வழக்கமான வேகம் விநாடிக்கு 115200 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்தால் 10 பிட் ஆகும். விநாடிக்கு 11,520 எழுத்துகள். 80 எழுத்துள்ள ஒரு வரி போய்ச் சேர ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. மூன்று கிகாஹெர்ட்ஸில் துடிக்கும் சிபியுவுக்கு அந்த 7 மில்லிவிநாடி என்பது சுமார் 2 கோடித் துடிப்புகள். ஒரே ஒரு வரிக்கு! 128 கிலோபைட் சிலேட்டு முழுவதையும் அனுப்ப வேண்டுமானால் பதினொரு விநாடிக்குமேல் ஆகும்.

கெர்னல் பொறியாளர்கள் எல்லோருக்கும் பரிச்சயமான ஒரு துன்பம் இங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு சிபியுக்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொட்டால் மட்டுமே வெளிப்படும் பிழையைத் துரத்துகிறீர்கள். எங்கே தவறுகிறது என்று பார்க்க ஒரு பிரிண்ட்கே சேர்க்கிறீர்கள். பிழை மறைந்துவிடுகிறது. வரியை எடுத்தால் திரும்பி வருகிறது. அந்த 7 மில்லிவிநாடித் தாமதத்தில் ஒரு சிபியு பின்தங்கி, மோதல் நடக்காமலே போய்விடுகிறது. இதற்காகவே டிரேஸ்-பிரிண்ட்கே என்ற மாற்று இருக்கிறது. அது கன்சோல் பக்கமே போவதில்லை. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக உள்ள பஃபரில் மைக்ரோவிநாடியின் ஒரு பகுதிக்குள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது, நாம் ஆற அமர எடுத்துப் படிக்கலாம். பிழைதேட மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி இது. தவறி அதை விட்டுவிட்ட கெர்னல் பூட் ஆகும்போது, இதை அன்றாட உபயோகத்துக்கு விடாதீர்கள் என்று கட்டம் கட்டி அறிவிக்கும்.

அரட்டையைக் குறைக்க வேறு ஏற்பாடுகளும் உண்டு. ஒரே எச்சரிக்கை அருவியாகக் கொட்டினால், 5 விநாடிக்கு 10 செய்திகள் என்ற இயல்பான அளவோடு மதகை மூடிவிட்டு, எத்தனை தடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லலாம். டைனமிக் டீபக் என்ற வசதியோ இன்னும் நயமானது. கெர்னல் முழுக்க ஆயிரக்கணக்கான பிழைதேடல் வரிகள் உறங்கிக் கிடக்கின்றன; கோப்பின் பெயரையோ செயல்கூறின் பெயரையோ வரி எண்ணையோ ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுதினால், அந்த வரிகள் மட்டும் விழிக்கும். இயந்திரத்தை நிறுத்தக்கூட வேண்டாம்.

பல சிபியுக்கள் வந்தபின் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. கன்சோல் ஒன்று, பேச விரும்புவோர் பலர். நெடுங்காலம் இருந்த ஏற்பாடு இது: கன்சோலைக் கையில் வைத்திருக்கும் சிபியு, தன் செய்தியோடு மற்றவர்கள் சிலேட்டில் எழுதிவைத்ததையும் சேர்த்தே அனுப்பித் தீர்க்க வேண்டும். மற்ற சிபியுக்கள் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மாட்டிக்கொண்ட சிபியு வெளியே வர முடியாமல் அச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சிபியு சுமார் 20 விநாடிக்கு மேல் வேறு எதற்கும் வழிவிடாமல் இருந்தால் காவல் நிரல் எச்சரிக்கை எழுப்பும். அந்த எச்சரிக்கையும் பிரிண்ட்கே வழியாகவே வரும். அச்சிட வேண்டிய குவியல் இன்னும் உயரும். 2018-இல் ஸ்டீவன் ராஸ்டெட் ஒரு கைமாற்றும் முறையைச் சேர்த்தார்: புதிதாகப் பேச வரும் சிபியு காத்து நிற்கும், அச்சிட்டுக்கொண்டிருப்பது கையிலுள்ள வரியை முடித்ததும் பொறுப்பை அதனிடம் தந்துவிட்டுத் தன் வேலைக்குப் போகும். அதிகம் பேசுகிறவரே அதிகம் சுமக்கட்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது.

இதைவிடக் கொடியது பூட்டுச் சிக்கல். சிலேட்டில் இரண்டு பேர் ஒரே இடத்தில் கிறுக்காமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். ஒரு சிபியு பூட்டைப் பிடித்து எழுதிக்கொண்டிருக்கும்போது, தடுக்கவே முடியாத வகைக் குறுக்கீடு ஒன்று அதே சிபியுவில் பாய்கிறது. குறுக்கீட்டைக் கையாளும் நிரலும் எதையோ சொல்ல விரும்புகிறது, பூட்டுக்குக் காத்திருக்கிறது. பூட்டை விடுவிக்க வேண்டியதோ, இந்தக் குறுக்கீடு இடைமறித்த அதே வேலை. குறுக்கீடு முடிந்தால்தான் அது நகரும். பூட்டு கிடைத்தால்தான் குறுக்கீடு முடியும். இயந்திரம் உறைந்துவிடும். தடுக்க முடியாத குறுக்கீடுகள் பல சமயம் எழுவதே ஏதோ கோளாறு நேர்ந்ததைச் சொல்லத்தான் என்பதை நினைத்தால் இதன் கொடுமை புரியும்: மிக அவசரமான செய்திக்குத்தான் வாய் அடைபட்டது.

ஜான் ஆக்னெஸ் எழுதி, 2020 டிசம்பரில் 5.10 பதிப்போடு வெளிவந்த புதிய ரிங் பஃபருக்கு அந்தப் பூட்டே தேவையில்லை. எழுத வருகிறவர், இடையே எவரும் நுழைய முடியாத அணுச்செயல்களால் தமக்கான இடத்தை ஒதுக்கிக்கொள்கிறார். எழுதி முடித்ததும், முடிந்தது என்று அந்த இடத்தின் நிலையை மாற்றுகிறார். நடுவில் குறுக்கீடு வந்தால் அது அடுத்த இடத்தை ஒதுக்கி எழுதிவிட்டுப் போகும். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். படிக்கிறவர், முடிந்தது என்ற குறியுள்ளதை மட்டும் நகலெடுக்கிறார். எடுத்தபின் நிலையை மறுபடி பார்க்கிறார், நகலெடுக்கும் நேரத்தில் அந்த இடம் வேறு செய்திக்குக் கைமாறிவிடவில்லையே என்று. எனக்கு இந்த இரண்டாவது பார்வை மிகவும் பிடிக்கும். பூட்டைப் போட்டு உலகத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, படித்தது சரிதானா என்று பார்க்கும் கடமையைப் படிப்பவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கன்சோல்களுக்கான மாற்றம் இதைத் தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி உரிமை, தனி அச்சிடும் இழை. சாதாரண நேரம், அவசரம், இயந்திரமே கைவிட்டுப்போகும் பேனிக் என்று மூன்று முன்னுரிமைகள். குறித்த நேரத்துக்குள் பதில் தந்தே தீர வேண்டிய இயந்திரங்களுக்கான ரியல்டைம் லினக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித் திருத்தங்களாகவே வளர்ந்து, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12-இல்தான் மூலக் கெர்னலுக்குள் முழுமையாக வந்தது. கடைசிவரை வழிமறித்து நின்ற பெரிய தடை பிரிண்ட்கே. யூனிக்ஸின் அந்தப் பழைய குறிப்பில் சொன்ன அதே தடை: பேசும்போது மற்றதெல்லாம் நிற்கிறது.

பேச்சு பத்திரமாக வந்து சேர்ந்தபின் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கெர்னல் தடுக்கி விழுந்தால் ஊப்ஸ் என்று அழைக்கப்படும் நீண்ட அறிக்கை வரும். அதன் முதல் வரியில், வெற்றுச் சுட்டியைத் தொட்டதாகவும் முகவரி 0000000000000018 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்டி வெற்று என்றால் முகவரி 0 ஆகத்தானே இருக்க வேண்டும், இந்த 18 எங்கிருந்து வந்தது? அது 16-ஐ அடியாகக் கொண்ட எண். நம் கணக்கில் 24. அதாவது, ஒரு தரவுக் கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளியுள்ள உறுப்பை நிரல் தேடியிருக்கிறது, கட்டமைப்போ இல்லவே இல்லை. உறுப்பு ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் நான்காவது உறுப்பு. எந்தக் கட்டமைப்பு என்பதை அடுத்து வரும் செயல்கூறின் பெயர் சொல்லும். பெயருக்குப் பக்கத்திலேயே, அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் உள்ளே விழுந்தது, அதன் மொத்த நீளம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் இருக்கும். இவற்றைக் கெர்னலோடு வரும் ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்தால் மூலநிரலின் வரி எண் வந்துவிடும். கீழே, யார் யாரை அழைத்து இங்கே வந்தார்கள் என்ற பட்டியல். அதில் கேள்விக்குறியோடு நிற்கும் பெயர்களை நம்பிவிடக் கூடாது. அவை ஸ்டாக்கில் கிடந்த பழைய தடங்களாக இருக்கலாம். கறை எழுத்துகள் என்றும் சில உண்டு. அவற்றில் டி இருந்தால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்திருக்கிறது. மேலே போய் முதலாவதைத் தேடுங்கள், இது அதன் பின்விளைவாக இருக்கலாம்.

இத்தனையும் ஆவணத்தில் இருக்கிறது, இருந்தாக வேண்டும். பிரிண்ட்கேயின் வடிவக்குறிகளே நல்ல உதாரணம். சதவீதக் குறியும் பி எழுத்தும் சேர்ந்தால் ஒரு சுட்டியை அச்சிடு என்று பொருள். கெர்னல் அதன்பின் இன்னும் சில எழுத்துகளைச் சேர்த்து ஐபி முகவரி, நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி, பிழையின் பெயர் என்று பலவற்றை அழகாக அச்சிடுகிறது. ஆனால் கம்பைலர் பி வரைதான் படிக்கும். பின்னால் வரும் எழுத்து தவறானால் அது எதுவும் சொல்லாது. அந்த இடத்தில் துணை நிற்பது ஆவணமும் அதைப் படித்த மனிதரும்தான். 4.15 பதிப்பு முதல், வெறும் பி உண்மையான முகவரியைக் காட்டுவதும் இல்லை. தாக்குபவருக்குக் கெர்னலின் வரைபடம் கிடைத்துவிடக் கூடாது என்று, முகவரியைக் கலைத்து வேறோர் எண்ணாகத் தருகிறது. ஒருமுறை பூட் ஆனபின் அடுத்த பூட் வரை ஒரே சுட்டிக்கு ஒரே எண் வரும் என்பதால் இரண்டு வரிகளை ஒப்பிட இன்னும் முடியும். இதைப் படிக்காதவர் அந்த எண்ணை முகவரி என்று நம்பி நாள் கணக்கில் தேடுவார்.

செய்தியின் வாசகத்தையும் ஆவணமாகவே நான் கருதுகிறேன். லினக்ஸின் பழைய பிரிண்டர் டிரைவரில், பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது என்று சொல்லும் செய்தி ஒன்று புகழ்பெற்றது. டிரைவருக்குத் தீயைப் பற்றி எதுவும் தெரியாது. பிழை ஒயரில் சிக்னல் இருக்கிறது, காகிதம் தீரவில்லை, பிரிண்டர் இணைப்பிலும் இருக்கிறது, தெரிந்தது அவ்வளவே. தெரிந்த அந்த மூன்றையும் அப்படியே எழுதியிருந்தால் படிப்பவருக்குப் பிடிமானம் கிடைத்திருக்கும். “தொடங்க முடியவில்லை” என்று மட்டும் எழுதுவதும் அதே குறைதான். எந்தச் சாதனம், எந்த முகவரி, எதை எதிர்பார்த்தோம், என்ன வந்தது, பிழை எண் -110 ஆ வேறா. இவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிட முடியும். அந்த வரியைப் படிக்கப்போகிறவர், மூலநிரலைப் பார்த்தே இராத ஒருவராக, நள்ளிரவில் விழுந்த சர்வரின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. பெரிய சர்வர் கூடங்களில் மனிதர் படிப்பதற்கு முன் நிரல்கள் இந்த வரிகளைப் படிக்கின்றன; குறிப்பிட்ட வாசகம் வந்தால் மணியடிக்கும்படி எழுதப்பட்டவை. கெர்னல் உருவாக்குநர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த வாசகத்தில் ஒரு சொல்லைத் திருத்துகிறார். வாசகம் மாறாது என்று எவரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. புதிய கெர்னல் ஏறியதும் மணி நின்றுவிடுகிறது, எல்லாம் நலமாக இருப்பது போலத் தோன்றுகிறது. கிறிஸ் டவுன் எழுதி 2021-இல் 5.15 பதிப்பில் வந்த பிரிண்ட்கே அட்டவணை இதற்கான விடை. கெர்னலிலுள்ள பிரிண்ட்கே வாசகங்களை அவற்றின் கோப்பு, வரி எண், செயல்கூறு, நிலை ஆகியவற்றோடு பட்டியலாகவே கெர்னல் தருகிறது. பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டால், எந்தச் சொல் மாறியது என்பது கெர்னலை சர்வர்களில் பரவலாக ஏற்றும் முன்பே தெரிந்துவிடும்.

பேனிக் வரும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கும் புதிய விடைகள் வந்தபடி இருக்கின்றன. மறுபடி பூட் ஆனாலும் அழியாத நினைவகப் பகுதியில் கடைசி வரிகளை ஒதுக்கிவைக்கலாம். சீரியல் கேபிள் இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் பக்கத்து இயந்திரத்துக்கு வரி வரியாக எறியலாம். லேப்டாப்பில் இவை எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை, திரை மட்டுமே இருக்கிறது. 6.12 பதிப்பு முதல், அந்தத் திரையில் கெர்னல் தன் கடைசி செய்திகளைச் சுருக்கி ஒரு கியூஆர் குறியீடாக வரைய முடியும். மிகப் பெரிய வகைக் கியூஆர் குறியீட்டில் 2,953 பைட் வரை அடங்கும். எதிரில் இருப்பவர் போனை நீட்டி ஒரு படம் எடுத்தால், விழுந்த கணத்தின் வரிகள் அவர் கைக்கு வந்துவிடும்.